முழு வாய்க்கும் இம்பிளான்ட்: எனக்குப் பொருந்துமா?

கேள்வி: எனக்கு வயது 63. மேல்தாடையில் ஒரு பல்கூட இல்லை. 18 ஆண்டுகளாகக் கழற்றி மாட்டும் பல்செட்தான். முதலில் நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது, இப்போது பேசும்போதே இறங்கிவிடுகிறது. கீழே முன்பற்கள் ஆறும், இடதுபக்கம் அதை அடுத்து ஒரு பல்லும் இருக்கின்றன. அவற்றில் இரண்டு ஆடுகின்றன. சர்க்கரை நோய் 12 ஆண்டுகளாக உண்டு. கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி) 8.6. எலும்புத் தேய்மானத்துக்காக ஐந்து ஆண்டுகளாக வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை. முடக்குவாதமும் இருக்கிறது, காலையில் விரல்கள் மடங்கவே நேரமாகும். ஒரு மருத்துவமனையில், 'மீதிப் பற்களையும் எடுத்துவிட்டு, மேலும் கீழும் எலும்பில் திருகும் இம்பிளான்ட் வைத்து மூன்றே நாளில் நிலையான பல் கட்டிவிடலாம்' என்கிறார்கள். இன்னொரு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, 'எலும்பே இல்லை, வயதும் ஆகிவிட்டது, புதிதாக ஒரு பல்செட் செய்துகொள்ளுங்கள்' என்கிறார். நான் இதற்குத் தகுதியானவளா, இல்லையா?

பி.கு.: என் பேத்திக்கு 15 வயது. விளையாடும்போது விழுந்து மேல் முன்பல் ஒன்று போய்விட்டது. அவளுக்கு இம்பிளான்ட் வைக்கலாமா?

பதில்:

அம்மா, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இம்பிளான்ட் வைத்துக்கொள்ளக்கூடியவர்தான். ஆனால் இன்றைக்கு இல்லை. அந்த மூன்று நாள் திட்டத்துக்கும் இல்லை. வாயைப் பார்க்காமல் கடிதத்தை மட்டும் படித்துச் சொல்வது இது. நேரில் பரிசோதிக்கிறவர் என்னோடு மாறுபட்டால், காரணத்தைக் கேட்டுவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.

வயதை உடனே ஒதுக்கிவிடலாம். இம்பிளான்ட்டுக்கு மேல் வயது வரம்பு கிடையாது. எண்பதைத் தாண்டியவர்களுக்கும் வைக்கிறோம், எலும்பு பிடிக்கிறது. ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1965-ல் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் டைட்டானியம் திருகுகளை வைத்தார். 2006-ல் லார்சன் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அவை அவர் வாயில் வேலை செய்தன. 63 வயதை ஒரு காரணமாக யாராவது சொன்னால், சொல்ல வேறு காரணம் அவரிடம் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மேல் பல்செட் ஏன் இறங்குகிறது என்று இருவரில் ஒருவராவது விளக்கினார்களா? கடிதத்தில் அது இல்லை. எனக்கு அதில்தான் முழுக் கதையும் தெரிகிறது. மேலே முழு பல்செட், கீழே முன்பற்கள் மட்டும், பின்பற்கள் கிடையாது. பல் மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த ஒரு கூட்டணி இது, மோசமான கூட்டணி. பின்னால் கடிக்கப் பல் இல்லாததால் நீங்கள் முன்பற்களாலேயே மெல்லுகிறீர்கள். அந்த ஆறு பற்களும் ஒவ்வொரு கடிக்கும் மேல் பல்செட்டின் முன்பகுதியை மேல்நோக்கி இடிக்கின்றன. அடியில் இருக்கும் எலும்பு அழுத்தம் தாங்காமல் கரைகிறது. எலும்பு இருந்த இடத்தில் தொளதொளவென்று சதை நிற்கிறது. முன்னால் மேலே ஏறும்போது பல்செட்டின் பின்பகுதி அண்ணத்தை விட்டு விலகும், காற்று புகும், செட் இறங்கும். விரலால் மேல் ஈறின் முன்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். அங்குமிங்கும் அசைந்தால் நான் சொல்வது சரி.

பல்லைப் பிடுங்கிய இடத்தில் எலும்பு எப்படியும் சுருங்கும். முதல் ஆண்டிலேயே அகலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில். அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த அளவில் செய்த செட் இன்றைய தாடைக்கு எப்படிப் பொருந்தும்? ஆகவே புதிய பல்செட் செய்யச் சொன்ன டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்ன காரணம் தவறு, சொன்ன வேலை சரி. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கீழ்ப் பற்களுக்கு வருவோம். ஏழில் இரண்டு ஆடுகின்றன. அப்படியானால் ஐந்து ஆடவில்லை. ஆடாத ஐந்தையும் எதற்காக எடுக்க வேண்டும்? ஒவ்வொரு பல்லுக்கும் ஈறுப் பையின் ஆழத்தை அளந்து, வேரைச் சுற்றி எலும்பு எவ்வளவு நிற்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்த்து, பல் பல்லாகத்தான் தீர்ப்பு எழுத வேண்டும். 'முழு வாய்' என்று பெயர் வைத்த சிகிச்சைக்கு, வாயில் மிச்சமிருக்கும் பற்கள் இடைஞ்சல். அந்த இடைஞ்சலுக்காகவே பிடுங்கப்படும் பற்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு காட்டமாக எழுதுகிறேன். எல்லாவற்றையும் எடுப்பதுதான் சரி என்ற நிலை சிலருக்கு உண்டு: பெரும்பாலான பற்கள் சொத்தையில் ஈறு மட்டத்துக்கு உடைந்துவிட்டவர்கள், ஈறு நோயில் முக்கால்வாசி எலும்பை இழந்தவர்கள், இரண்டு மூன்று பற்களை நம்பிப் பெரிய பாலம் (ஒன்றாக இணைத்துக் கட்டும் நிலையான பல்வரிசை) கட்ட முடியாதவர்கள். நீங்கள் அவர்களில் ஒருவரா என்பதை அளந்த பிறகுதான் சொல்ல முடியும். இதுவரை அளந்ததாகத் தெரியவில்லை.

பல்லை எடுத்துவிட்டால் ஈறு நோயும் கூடவே போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய தசைநார்ப் படலம் இருக்கிறது, அதில் ரத்த ஓட்டம் இருக்கிறது. இம்பிளான்ட் எலும்போடு நேரடியாக ஒட்டிக்கொள்ளும், அந்தப் படலம் அங்கே இல்லை. அதைச் சுற்றியுள்ள ஈறின் பிடிமானமும் பல்லைச் சுற்றி இருப்பதைவிட வலுக்குறைவு. அழுக்கு படிந்து அழற்சி இறங்கினால் எலும்பு வேகமாகக் கரையும். ஈறு நோயால் பல்லை இழந்தவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். ஆகவே இம்பிளான்ட் வைக்கிறவர் முதலில் ஈறு நோயைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். ஆடும் இரண்டு பற்களும் உங்களுக்கு அந்த எச்சரிக்கையைத்தான் தருகின்றன.

இனி உடல்நிலை. சர்க்கரை இருக்கிறது என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரைதான் சிக்கல்: புண் ஆறத் தாமதம், தொற்று, எலும்பு ஒட்டுவதில் மந்தம். எச்பிஏ1சி 7-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். 8-க்கு மேல் இருக்கும்போது அவசரமில்லாத எந்த அறுவையையும் நான் தள்ளிப்போடுவேன். உங்கள் 8.6 குறைய வேண்டும். அந்தப் பரிசோதனை காட்டுவது சுமார் மூன்று மாதச் சராசரி என்பதால், இன்றைக்கே கவனிக்கத் தொடங்கினாலும் முடிவு தெரிய மூன்று மாதமாகும். ஈறு சிகிச்சைக்கும் ஏறக்குறைய அவ்வளவு காலம் வேண்டும். இன்னொன்று: ஈறு அழற்சி தணிந்தால் சர்க்கரையும் ஓரளவு இறங்கும், இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடுகிறவை.

அலென்ட்ரோனேட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் இருபக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். இந்த வகை மருந்துகள் எலும்பு கரைவதைத் தடுக்கின்றன. அதே வேகத்தில் எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதையும் மந்தமாக்குகின்றன. அரிதாகச் சிலருக்குப் பல் பிடுங்கிய இடம் மூடாமல் தாடை எலும்பு வெளியே தெரிந்தபடி வாரக்கணக்கில் நிற்கும். எட்டு வாரத்துக்கு மேல் அப்படி நின்றால் அது எலும்பு அழுகல் என்று கொள்வோம். புற்றுநோய் எலும்புக்குப் பரவியதற்காக நரம்பு வழியே அதிக அளவில் இந்த மருந்து ஏறுகிறவர்களுக்கு இம்பிளான்ட் வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுகிறோம். எலும்புத் தேய்மானத்துக்கு வாய்வழி மாத்திரை எடுக்கிறவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு. இம்பிளான்ட் தடை இல்லை. ஆனால் ஆபத்து பூஜ்யமும் இல்லை. ஆண்டுகள் கூடக்கூட அது கூடும். கூடவே ஸ்டீராய்டு எடுத்தால் இன்னும் கூடும்.

நீங்கள் எழுதாமல் விட்டது இங்கேதான் வருகிறது. முடக்குவாதத்துக்கு என்ன மருந்து எடுக்கிறீர்கள்? பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீராய்டா, மெத்தோட்ரெக்ஸேட்டா, உயிரியல் ஊசியா? மூன்றும் நோய் எதிர்ப்பைக் குறைப்பவை. பல் டாக்டரிடம் 'மூட்டு வலிக்கு ஏதோ மாத்திரை' என்று சொல்லாதீர்கள். மருந்துச் சீட்டையே கொண்டுபோய்க் காட்டுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தவும் கூடாது. அலென்ட்ரோனேட்டைச் சில மாதம் நிறுத்தினால் ஆபத்து குறையும் என்பதற்குத் திடமான சான்று இல்லை. நிறுத்துவதா வேண்டாமா என்பதை அதை எழுதித் தந்த டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசிக்கு மாறியிருந்தால் இன்னும் கவனம். அதைத் தள்ளிப்போட்டால் முதுகெலும்பு முறிவுகள் வரிசையாக வந்துவிடக்கூடும்.

இந்த மருந்துக் கதையிலிருந்து மூன்று நாள் திட்டத்துக்கு ஒரு கேள்வி எழுகிறது. உங்கள் நிலையில் இம்பிளான்ட் வைப்பதைவிட, ஒரே அமர்வில் ஏழு பற்களைப் பிடுங்கி எலும்பையும் சீவுவதுதான் தாடைக்குப் பெரிய காயம். எடுக்க வேண்டிய பல்லை மட்டும், காயம் குறைவாக, ஆறுகிறதா என்று பார்த்துப் பார்த்து எடுப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு.

உங்களைப் போலவே கேட்கும் மற்றவர்களுக்காக இரண்டு வரி. சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் பொதுவாக ஆறு மாதமாவது காத்திருக்க வேண்டும். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குத் தாடையில் எவ்வளவு கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) விழுந்தது என்ற கணக்கு தேவை. 50-ஐத் தாண்டினால் ஆபத்து வேகமாக ஏறும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. புகைப்பவர்களுக்கு இம்பிளான்ட் தோற்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் தகுதியற்றவர்கள் அல்ல, ஆனால் எண்ணிக்கையும் பல்லின் பொருளும் மாறும்.

எலும்புக்கு வருகிறேன். 'எலும்பே இல்லை' என்று சொன்ன டாக்டர் பார்த்தது எந்த எக்ஸ்ரே? தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜியாக இருந்தால், அதில் உயரம் மட்டுமே தெரியும். அகலம் தெரியாது. நமக்கு இரண்டும் வேண்டும். நான்கு மில்லிமீட்டர் பருமனுள்ள திருகு என்றால் இருபுறமும் குறைந்தது ஒரு மில்லிமீட்டர் எலும்பு சுவர்போல நிற்க வேண்டும், ஆகக் குறைந்தது ஆறு மில்லிமீட்டர் தேவை. கீழ்த்தாடையில் உதட்டுக்கும் தாடைமுனைக்கும் உணர்வு தரும் நரம்புக்கு மேலே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். இதையெல்லாம் முப்பரிமாணத்தில் காட்டுவது சிபிசிடி ஸ்கேன். அது இல்லாமல் 'எலும்பு இருக்கிறது' என்பதும் ஊகம், 'இல்லை' என்பதும் ஊகம். மேல்தாடையின் பின்பகுதியில் எலும்பு இயல்பிலேயே மென்மை, மேலே சைனஸ் அறை கீழிறங்கி வந்திருக்கும். அங்கே எலும்பு குறைந்தவர்களுக்குச் சைனஸைத் தூக்கி எலும்பு நிரப்பலாம், திருகைச் சாய்த்து முன்பக்க எலும்பில் பிடிக்கவைக்கலாம், மிகவும் தேய்ந்தவர்களுக்குக் கன்ன எலும்பிலேயே நீளமான திருகு வைக்கலாம். எலும்பு குறைவு என்பது பெரும்பாலும் வழியை மாற்றும், கதவை அடைக்காது. ஆனால் சர்க்கரையும் ஸ்டீராய்டும் உள்ளவருக்கு எலும்பு நிரப்பும் அறுவை எதையும் நான் விரும்பிப் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்று நாளில் பல் என்பது பொய்யல்ல. திருகு எலும்பில் ஏறும்போதே இறுக்கமாக, வழக்கமாக 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவுக்கு மேல் பிடித்தால் உடனே பல் கட்டலாம். கட்டுவது பிளாஸ்டிக்கில் செய்த தற்காலிகப் பல். எலும்பு முழுவதும் ஒட்ட கீழே சுமார் மூன்று மாதம், மேலே நான்கிலிருந்து ஆறு மாதம் பிடிக்கும். அதுவரை மென்மையான உணவுதான். நிரந்தரப் பல் அதற்கப்புறம். இதை அவர்கள் உங்களிடம் சொன்னார்களா? மென்மையான மேல்தாடை எலும்பில் அந்த இறுக்கம் கிடைக்கும் என்று அறுவைக்கு முன்னால் யாராலும் உறுதி தர முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது எலும்பும் அல்ல, சர்க்கரையும் அல்ல. நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த விரல்கள்.

நிலையான முழுப் பாலத்தைக் கழற்ற முடியாது. அதன் அடிப்பகுதிக்கும் ஈறுக்கும் இடையே தினமும் இரண்டு முறை சிறு இடைப்பல் பிரஷ்ஷையோ தடித்த நூலையோ நுழைத்து, ஒவ்வொரு திருகையும் சுற்றித் துடைக்க வேண்டும். கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிவதைப் பார்த்துக்கொண்டு செய்யும் நுட்பமான வேலை அது. நல்ல கைகளே ஆறு மாதத்தில் சலித்துவிடும். இன்று காலையில் மடங்கத் தாமதிக்கும் விரல், 73 வயதில் எப்படி இருக்கும்? முழு வாய் இம்பிளான்ட்டுக்கு யார் தகுதி என்று கேட்டால், எலும்பு மருந்து இதையெல்லாம் சரிபார்த்த பிறகு, பத்தாண்டு கழித்து அந்த வாயைத் துலக்கப்போவது யார் என்றுதான் நான் கேட்பேன். முடக்குவாதம், நடுக்குவாதம், மறதி நோய், பார்வைக் குறைவு உள்ளவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் நிலையான பல் கட்டுவது பொறுப்பற்ற வேலை.

அதற்காகப் பழைய ஆடும் செட்டோடு இருங்கள் என்று சொல்லவில்லை. இடையில் ஒரு வழி இருக்கிறது: சில இம்பிளான்ட்களின் மேல் 'கிளிக்' என்று மாட்டி, கழற்றிக் கழுவக்கூடிய பல்செட். இதை ஓவர்டென்ச்சர் என்கிறோம். பற்களே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்பிளான்ட் வைத்த ஓவர்டென்ச்சர்தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-லேயே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் அறிவித்தார்கள். மேல்தாடையில் எலும்பு மென்மை என்பதால் குறைந்தது நான்கு வேண்டும். பலருக்கு அண்ணத்தை மூடும் தகட்டையும் எடுத்துவிட முடியும். தேய்ந்த எலும்பால் உள்வாங்கிய மேலுதட்டுக்குச் செட்டின் விளிம்பு தாங்கலும் தரும், நிலையான பாலத்தில் அது எல்லோருக்கும் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. கழற்றவும் விரலில் பலம் வேண்டும். மாட்டும் பிடிக்குள் இருக்கும் நைலான் வளையங்கள் பல இறுக்கங்களில் வருகின்றன. உங்களுக்கு லேசான பிடியே வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மாதிரித் தாடையில் மாட்டிக் கழற்றிப் பார்க்கக் கேளுங்கள், அதுவும் காலை நேரத்து அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டு, விரல்கள் பிடிவாதம் பிடிக்கும் நேரத்திலேயே. அந்த வளையங்கள் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும். செலவைக் கேட்கும்போது இதையும் ஆண்டுப் பரிசோதனையையும் சேர்த்தே கேளுங்கள்.

ஆக நான் உங்கள் மருத்துவராக இருந்தால் இப்படிப் போவேன். முதலில் ஈறு சிகிச்சை, சர்க்கரை. ஆடும் இரண்டில் காப்பாற்ற முடியாதது எது என்று தெரிந்த பிறகு அதை மட்டும் எடுப்பது. இதற்கிடையே அந்த இரண்டாவது டாக்டர் சொன்ன புதிய மேல் பல்செட்டும், கீழே இல்லாத பின்பற்களுக்குக் கழற்றும் சிறு செட்டும். வீண் செலவாகத் தோன்றலாம், ஆனால் பல் எங்கே நிற்க வேண்டும், உதடு எவ்வளவு தாங்கப்பட வேண்டும், கடி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தச் செட்டில்தான் தெரியவரும். அதை வாயில் மாட்டிக்கொண்டே ஸ்கேன் எடுத்து, அந்தப் பல்லுக்கு நேராக எங்கே எலும்பு இருக்கிறது என்று பார்க்கலாம். பின்பற்கள் கிடைத்ததும் முன்னால் இடிப்பது குறையும். புதிய செட்டே நன்றாகப் பிடித்து உங்களுக்குப் போதும் என்று தோன்றினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், யாரும் உங்களைக் குறைவாக நினைக்கப்போவதில்லை. போதவில்லை என்றால், எச்பிஏ1சி இறங்கிய பிறகு, மூட்டு டாக்டரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு, மேலே நான்கு இம்பிளான்ட். கீழே உங்கள் பற்கள் இருக்கட்டும்.

பேத்தி விஷயம்: இப்போது வேண்டாம். இம்பிளான்ட் எலும்போடு ஒட்டிவிடுவதால் தாடை வளரும்போது அதனோடு சேர்ந்து இறங்காது. பக்கத்துப் பற்கள் இறங்கிவர, அது மட்டும் மேலேயே நின்று குட்டையாகத் தெரியும். மேல் முன்பல்லில் இது மறைக்க முடியாத குறை. பெண் பிள்ளைகளுக்கு வளர்ச்சி பையன்களைவிடச் சீக்கிரம் நிற்கும் என்றாலும், பதின்வயது முடியும்வரையாவது பொறுக்க வேண்டும். அதுவரை பக்கத்துப் பல்லின் பின்புறத்தில், பல்லை அராவாமல் ஒட்டும் பாலம் வைக்கலாம். சிரிக்கக் கூச்சப்பட வேண்டியிருக்காது. இடைவெளி குறுகாமல் இருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். வீட்டில் அவள் உயரத்தையும் குறித்து வையுங்கள். தொடர்ந்து இரண்டு ஆண்டு உயரம் கூடாமல் இருந்தால், அப்போது ஸ்கேன் எடுப்பதைப் பற்றிப் பேசலாம்.